காதுக்குள் ஒரு சக்கரவர்த்தி

ஆண் குழந்தை பிறந்த சேதி பெற்றவனுக்கே சரியாக எட்டுமுன் ஒரு மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவர் குழந்தைக்குத் தாத்தா அல்ல, மாமன் அல்ல, சாதகம் கணிப்பவரும் அல்ல. அவர்தான் சரித்திரப் பெயர் வைப்பவர். மழை பெய்தால் ஈசல் வருவதுபோல, பிள்ளை பிறந்தால் இவர் வருவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிடாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் வருவார்.

வந்தவர் என்ன செய்வார் தெரியுமா? மற்றவர்களெல்லாம் மூக்கு அப்பன் மூக்கா, நிறம் ஆத்தா நிறமா என்று அடித்துக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் குழந்தையின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார். கிரீடம் உட்காருமா என்று அளவெடுக்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேர்ல ஒரு வீரியம் வேணும்ங்க. கேட்ட உடனே எதிரி நடுங்கணும்" என்று ஆரம்பிப்பார். பால் குடிக்கிற பிள்ளைக்கு எதிரி யார்? வயிற்று வாயுதான். அது எந்தச் சக்கரவர்த்தியின் பெயரைக் கேட்டும் நடுங்கியதாகத் தெரியவில்லை.

இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியைப் பார்க்க விரும்பினால் நீங்கள் கண்டி கொழும்பு வீதிக்கு வர வேண்டும். அங்கே 'கே. சாமி அன் சன்ஸ்' என்றொரு புடவைக்கடை இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக, சாரி கேட்டு வந்தவர்களுக்குப் பானிப்பட்டுப் போரை விளக்கிக்கொண்டிருப்பவர்தான் சாமி முதலாளி. 'கே' என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவர் மறுத்ததில்லை. 'சன்ஸ்' என்று பன்மையில் போட்டிருந்தாலும் அவருக்கு இருப்பது ஒரே மகன். அந்த ஒருவனும் கடையில் இல்லை.

அவன் பெயர் நெப்போலியன்.

பெயர் வைத்தபோது முதலாளி கண்ட கனவு பெரிது. பையன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் சங்கடம் தொடங்கியது. கணக்கில் புள்ளி குறைந்தால் ஆசிரியர் "இன்னொரு வாட்டர்லூ" என்பார். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தால், "நெப்போலியன் ரஷ்யாவுல இருந்து திரும்பி வாறாரு" என்று மைதானமே கை தட்டும். பாவம், அவன் செய்த குற்றமெல்லாம் பிறந்ததுதான். இப்போது கம்பளையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அங்கே அவனை எல்லோரும் 'கே. என். தம்பி' என்று கூப்பிடுகிறார்கள். 'என்' என்றால் என்ன என்று கேட்டால், "நடராஜா" என்று சொல்லிவிடுகிறானாம்.

பெண்பிள்ளை பிறந்தபோது முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ ஒண்ணு வையுங்க" என்று போய்விட்டார். இந்த இனத்தின் சரித்திரத்தில் பெண்கள் பிறப்பதே இல்லை. ஆகவே மனைவி கஜலட்சுமி தன் விருப்பப்படி சஞ்சீவனி என்று வைத்தாள். அப்படித் தப்பித்த அந்தப் பிள்ளை பின்னால் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பக்கத்துப் பாத்திரக்கடை பஹீம் தினமும் அலவத்துகொடையிலிருந்து வருபவர். அவருக்கு மகன் பிறந்த சேதி கேட்டதும் முதலாளி கல்லாவைப் பூட்டாமலே ஓடினார்.

"சலாவுதீன்னு வையுங்க பஹீம்! ஜெருசலேமையே புடிச்சவரு!"

"பேர் வெச்சாச்சி மொதலாளி. அஸீம். எங்கட வாப்பாட பேர்."

"உங்க வாப்பா எதுல ஜெயிச்சாரு?"

"கருவாடு வித்தார். அதிலேயும் ஜெயிக்கல்ல. தேத்தண்ணி குடிங்கோ."

தேநீரைக் குடித்தார். மனம்தான் ஆறவில்லை. அந்த வீட்டில் குழந்தையின் காதில் பாங்கு சொல்லியாகிவிட்டது. முதலாளிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் நம் வீடுகளில் அப்படியா? முப்பத்தோராம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, பெரியவர் ஒருவர் குனிந்து காதுக்குள் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவராகச் சாமி முதலாளியைக் கூப்பிடுவதில் ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர் வெறுங்கையோடு வரமாட்டார். வெள்ளி அரைஞாண் கொடியோடு வருவார்.

இங்கேதான் முதலாளியின் திருவிளையாடல். பெற்றவர்கள் தினுஷன் என்று முடிவு செய்திருப்பார்கள். இவரும், "ஆகா, நல்ல பேரு" என்பார். குனிவார். காதுக்குள் மூன்று தடவை சொல்வார். என்ன சொன்னார்? அலெக்சாண்டர் என்று சொல்லியிருப்பார்! கேட்டது குழந்தை மட்டும். அது சாட்சி சொல்லப்போவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் என்ன எழுதினால் என்ன, காதில் முதலில் விழுந்ததுதான் பெயர் என்பது அவருடைய சித்தாந்தம்.

இப்படிக் கண்டியைச் சுற்றிலும் தாங்கள் யார் என்றே தெரியாத மாமன்னர்கள் பலர் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை அலெக்சாண்டருக்குப் பஸ் ஏறினால் பிலிமத்தலாவை தாண்டுமுன் வாந்தி வந்துவிடும். பேராதனைக் கரிகாலன் மகாவலியில் கால் நனைக்கப் பயப்படுவான். எந்த மைதானத்துக்குப் போனாலும் சண்டை இழுத்துக்கொண்டு வருகிற அசோகன் ஒருவனும் உண்டு. அவனைக் 'கலிங்கப் போருக்கு முந்தின அசோகன்' என்று முதலாளி தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொள்வார். இவர்களில் ஒருவன் தப்பித்தவறிப் பரீட்சை பாஸானால், "பின்னே சும்மாவா? ரத்தம் அப்பிடி!" என்று தொடையைத் தட்டுவார். யாருடைய ரத்தம் என்று பெற்றவர்கள் குழம்பிப் போவார்கள்.

இப்படி இருக்கையில்தான் சஞ்சீவனி தலைப்பிரசவத்துக்கு மஹியாவையில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மருமகன் கஜேந்திரன் பிலிமத்தலாவையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். பிறந்தது ஆண் குழந்தை. சொந்தப் பேரன்! ஊரார் பிள்ளைகளின் காதில் ஒத்திகை பார்த்ததெல்லாம் இந்த ஒரு காதுக்காகத்தானே? முதலாளி பெயரை எப்போதோ எடுத்து வைத்துவிட்டார். ராஜேந்திரன். கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன். இந்தத் தீவையும் கொண்டவன்தான்; ஆனால் அதைக் கண்டியில் நின்றுகொண்டு உரக்கச் சொல்வது உடம்புக்கு நல்லதல்ல என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சஞ்சீவனி சொன்னாள்:

"அப்பா, பேரை நாங்க முடிவு பண்ணிட்டோம். அன்னிக்குத்தான் சொல்லுவோம். நாங்க சொல்ற பேரைத்தான் நீங்க காதுல சொல்லணும்."

"எல்லா எடத்துலயும் அதைத்தானே செய்றேன்?"

"கட்டுகஸ்தோட்டையில தொட்டிலைப் புடிச்சிக்கிட்டு நின்ன சின்னப் பிள்ளை நான்தான் அப்பா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருடமாக இவள் வாய் திறக்கவில்லையே!

"இந்தத் தடவையும் பக்கத்துலயே நிப்பேன். முதல் ரெண்டு தடவை மெதுவாச் சொன்னாலும் பரவாயில்ல, மூணாவது எனக்குக் கேக்கணும். ஆனா மாத்திச் சொன்னீங்க, மாமாவைச் சொல்லச் சொல்லிருவேன். அப்பறம் இந்தப் பிள்ளையோட காதுப் பக்கமே நீங்க வர முடியாது."

மாமா என்றால் சம்பந்தி இராமநாதன். சொந்தப் பேரனின் காதைச் சம்பந்திக்கு விட்டுக் கொடுப்பதா? அதைவிட அவமானம் உண்டா? ஆனால் யுத்தம் படித்தவருக்கு யுக்தியா தெரியாது? பக்கத்து வீட்டுச் சுப்பம்மா குலவை போட்டால் அஸ்கிரிய மைதானத்தில் மட்டையடிக்கிறவன் நின்று திரும்பிப் பார்ப்பான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல சாரி ஒன்றைக் கையில் கொடுத்து, "நான் குனிஞ்ச உடனே ஆரம்பிச்சிரு. நிமிர்ற வரைக்கும் நிப்பாட்டாதே" என்றார். அந்தச் சத்தத்தில் மகள் காது என்ன, மகாவிஷ்ணு காதும் அடைத்துப்போகும்.

விசேஷ நாளும் வந்தது. கூடத்தில் சனம். சம்பந்தி இராமநாதன் முன்வரிசைக் கதிரையில் தயாராக உட்கார்ந்திருந்தார். கம்பளையிலிருந்து நெப்போலியன் வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். முதலாளி அரைஞாண் கொடியைப் பேரன் இடுப்பில் கட்டிவிட்டு, பெருந்தன்மையாகக் கேட்டார்:

"சொல்லும்மா. என்ன பேரு?"

"கண்ணுசாமி."

கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரது கண்ணுசாமி? கஜலட்சுமி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசகரே, நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். கே. சாமியின் 'கே' அதுதான்.

அது ஏன் ஒளிந்துகொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டியைக் கடைசியாக ஆண்ட ராஜாவுக்குப் பட்டம் கட்டுமுன் கண்ணுசாமி என்றுதான் பெயர். வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினான் என்ற பாடம் வகுப்பில் நடந்த அன்று, இடைவேளையில் பையன்கள், "கண்ணுசாமியைப் புடிங்கடா!" என்று கத்திக்கொண்டு துரத்தி, வேலியில் படர்ந்த கொடியைப் பிடுங்கிக் கொய்யா மரத்தில் நம் முதலாளியைக் கட்டிவைத்தார்கள். மணி அடித்தும் யாரும் அவிழ்த்துவிடவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுததைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அன்றே பெயரைச் சுருட்டி ஒரு எழுத்தாக்கிக்கொண்டவர், அதற்குப் பிறகு வாயால் அதைச் சொன்னதேயில்லை. தினமும் சாயங்காலம் கண்டி வாவியைச் சுற்றி நடக்கிறவர், அந்த வாவியை வெட்டியவர் அதே ராஜாதான் என்பதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ராஜாக்களின் பெயரை அள்ளி வழங்கியவர், தமக்கு வாய்த்த ராஜாவின் பெயரைக் குப்பைக்குள் தள்ளியிருந்தார்.

"என்னம்மா இது?" என்று மகள் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார் முதலாளி. "அது தோத்தவன் பேரு!"

வாசலிலிருந்து நெப்போலியன் குரல் கொடுத்தான்:

"அப்ப என் பேரு ஜெயிச்சவன் பேரா? ரெண்டு பேரையும் ஒரே வருஷத்துல ஒரே வெள்ளைக்காரன்தானே புடிச்சான்? வாட்டர்லூ வருஷத்தைச் சோறு திங்க விடாம நீங்கதானப்பா சொல்லிக் குடுத்தீங்க!"

கூடம் கொல்லென்று சிரித்தது. பெயர் வைத்த நாளிலிருந்து அவன் பெயரைச் சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவனே சிரித்தது அன்றுதான். இராமநாதன் கதிரையை முன்னால் நகர்த்தி, "சம்பந்திக்குக் கஷ்டமா இருந்தா நான் சொல்றேனுங்க" என்றார்.

அந்த ஒரு சொல் போதும். முதலாளி சட்டென்று குனிந்தார். சொன்ன வாக்குத் தவறாத சுப்பம்மா குலவையை எடுத்தாள். ஓடு அதிர்ந்தது. இனி என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. சஞ்சீவனி தலையை நீட்டிப் பார்த்தாள், ஒன்றும் எட்டவில்லை. சக்கரவர்த்திக்கும் அந்தக் காதுக்கும் இடையில் யாருமில்லை.

முதல் தடவை, பழக்கத் தோஷத்தில், "ராஜேந்..." என்று வந்தது. பேரன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். மீதியை விழுங்கிவிட்டார். இரண்டாவது தடவை, "கே. சாமி" என்று கடைப் பலகையை வாசித்தார். அது ஒரு பெயரா? கொய்யா மரத்தில் கட்டியிருந்தபோது இந்தப் பெயரை யாராவது ஒருவர் அன்பாகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்றாவது தடவை மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். அதே நேரம் பார்த்துச் சுப்பம்மாவுக்கு மூச்சு முட்டிக் குலவை நின்றுவிட்டது.

"கண்ணுசாமி!"

கூடம் முழுக்கக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும். பேரன் கொட்டாவி விட்டான். முதலாளி நிமிர்ந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சஞ்சீவனி பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல ஆள் நீங்கள்! நாய் வாலை நிமிர்த்தலாம், பெயர் வைப்பவரை நிமிர்த்த முடியாது. இப்போது வாவிக்கரையில் நடக்கிறவர்களை வழிமறித்து, "இதை வெட்டினது யாரு தெரியுமா? எங்க ஆளு!" என்கிறார். கடைப் பலகையில் முழுப் பெயரும் ஏறிவிட்டது. பஹீம் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் மொதலாளி உங்கட பேரே எங்களுக்குத் தெரியும்" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். போன வாரம் கம்பளையில் ஒரு வீட்டில் தொட்டில் போட்டார்கள். பெற்றவர்கள் கவின் என்றார்கள். "ஆகா, நல்ல பேரு" என்று முதலாளி குனிந்தார். உள்ளே போனது கவினா, கண்ணுசாமியா என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் வெளிச்சம்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் பிள்ளை பிறக்கத்தான் போகிறது. நீங்களும் மனதுக்குள் ஒரு பெயரைப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். நாம் ஆக முடியாமல் போனவனின் பெயரை. தொட்டிலில் குனியும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் உதடு அசைவதைப் பக்கத்தில் நின்று ஒரு சின்னப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.