ஆறு மணி நேரத்தில் வளரும் சாமி

பாபநாசத்துக்கு மேற்கே, மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள் சாமி முளைக்கிறார் என்றார்கள். பூமியைப் பிளந்துகொண்டு முளைப்பதெல்லாம் பழைய காலத்துச் சாமிகளின் வேலை. இவர் காலை ஆறு மணிக்கு வெறும் பலகையில் தொடங்கி, மதியம் பன்னிரண்டுக்குள் ஒரு சாண் உயர ஐந்து தலை நாகமாக எழுந்து நிற்பார். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிற்கும்போது மட்டும் வளர மாட்டார். அன்றைக்குச் சாமிக்கு மௌன விரதமாம்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸிலும் தஞ்சாவூரிலிருந்து வேனிலும் கூட்டம் வந்து இறங்கியது. வரிசையில் நின்று, சுவரில் போட்ட ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தது. உள்ளே அரையிருட்டு. மேல்பாதிக்கு மஞ்சள் பட்டு போர்த்திய ஒரு பெட்டி. பட்டுக்குக் கீழே ஓர் ஊசி இங்குமங்கும் ஓடியது. அது பிரம்மாவின் எழுத்தாணி என்றார், ஆலைக்குள் குடியிருந்த சாமியார் நாகதாச சுவாமிகள். 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், அது ஓங்காரம். லேசாகச் சர்க்கரைப் பாகு வாசனை, அது அருள். பார்த்தவர்கள் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. பஸ் எங்கே வருகிறது என்பதைக்கூட அதில் பார்த்துக்கொண்டார்கள். அது என்ன பெட்டி என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படித் தோன்றாதவர்களைத்தான் சுவாமிகள் பக்தர்கள் என்று அழைத்தார்.

சுடர்விழிக்கு அது என்ன பெட்டி என்று கேள்விப்பட்டவுடனேயே தெரிந்துவிட்டது. கும்பகோணத்தில் பல் கட்டும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டரில் வரைந்த தாடையை, பிளாஸ்டிக் இழையை உருக்கி உருக்கி, அடுக்கடுக்காக 'த்ரீ-டி பிரிண்டர்' என்ற மெஷின் கட்டி எழுப்பும். தினமும் எட்டு மணி நேரம் அந்த ஓங்காரத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலைவலிதான் வந்ததே தவிர, ஞானம் வரவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் வரிசையில் அவளுடைய அப்பா ரெத்தினமும் நின்றார்.

ஒரு காலத்தில் மேடை போட்டு, 'ஏன் என்று கேளுங்கள்' என்று பேசியவர் அவர். மகளுக்குத் தேடிப் பிடித்துத் தமிழ்ப் பெயர் வைத்தவர். அறுப்பு வயலில் நெல்தாள் குத்திக் காலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. பயம் வந்தது, மேடைப் பேச்சு போனது. நாற்பத்தெட்டு நாள் நாகத் தீர்த்தம், அதுவரை இங்கிலீஷ் மருந்து தொடக் கூடாது என்றார் சுவாமிகள். ரெத்தினம் மாத்திரைகளை வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தார். பத்தொன்பதாம் நாள் கட்டைவிரல் கறுத்தது.

"அப்பா, இந்த வாரமே வரலைன்னா காலே போயிடும்னு டாக்டர் சொல்றாரு."

"வந்தா விரலை எடுப்பான். விரல் இல்லாம வரப்புல எப்படி நடக்கிறது? சாமியும் கறுப்பு, விரலும் கறுப்பு. அருள் இறங்குதுன்னு சுவாமியே சொல்லிட்டாரு."

"நீயும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் பேசுடி" என்றாள் அம்மா அம்சம்.

சுடர்விழி போய்ப் பார்த்தாள். ஓட்டையில் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை. உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது அவள் வரைந்த பாம்பு!

இப்படி மெஷின் வைத்திருப்பவர்கள் தாங்கள் வரைந்த உருவங்களை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்துக்கொள்ளும் இணையதளங்கள் உண்டு. ஒருவர் சட்டை மாட்டும் கொக்கி போடுவார், இன்னொருவர் மிக்ஸி மூடி போடுவார். ஏழு மாதத்துக்கு முன் சுடர்விழி போட்டது, ஐந்து தலை நாக வடிவில் ஒரு செல்போன் ஸ்டாண்டு. விரித்த படத்துக்கு முன்னால் போன் நிற்க ஒரு பள்ளம். கழுத்தில் சார்ஜர் வயர் நுழைய ஒரு துளை. ஆலையில் அந்தப் பள்ளத்தில் விபூதி கொட்டிக் கொடுத்தார்கள். துளைக்கு மூச்சுத் துளை என்று பெயர். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து தன் பக்கத்தைத் திறந்தாள். அச்சடித்தவர்கள் நன்றிக்கு ஒரு போட்டோ போடுவது அங்கே வழக்கம். சுவாமிகள் மரியாதை தெரிந்தவர்; அவரும் போட்டிருந்தார், குங்குமப் பொட்டோடு. ஐந்து நட்சத்திரம். கீழே ஒரு குறிப்பு: 'அருமை சிஸ்டர். கஸ்டமர்கள் ரொம்ப விரும்புறாங்க. ஏழு தலை மாடல் போடுங்க. ஆடி வெள்ளிக்கு வேணும்.'

அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அப்பாவின் விரலை நினைத்தபோது அழுகை வந்தது. பிறகு, ஒரு சாமியாரே வாய்விட்டு வரம் கேட்கும்போது இல்லை என்று சொல்லலாமா என்று தோன்றியது. இரண்டே நாளில் ஏழு தலை வரைந்து போட்டாள். பத்து நிமிடத்தில் சுவாமிகள் இறக்கிக்கொண்டார். மறுபடியும் ஐந்து நட்சத்திரம்.

ஆடி வெள்ளி காலை ஆறு மணிக்குச் சுவாமிகள் வழக்கம்போல உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். சாமி வளர்ந்து முடியும்வரை வெளியே வர மாட்டார். ஒன்பது மணிக்கு, ஆலைக்கு எதிரே இராஜாங்கத்தின் டீக்கடை நிறையக் கூட்டம். சுடர்விழி மடித்த காகிதம் ஒன்றை இராஜாங்கத்திடம் கொடுத்தாள்.

"அண்ணே, இதைக் கல்லாவுல போட்டுப் பூட்டுங்க. இன்னிக்குச் சாமி ஏழு தலையோட வருவாரு. நாலாவது தலைக்குப் பின்னாடி எழுத்து இருக்கும். என்ன எழுத்துன்னு இதுல எழுதியிருக்கேன். தப்பாப் போச்சுன்னா, நான் மொட்டை போட்டுக்கிட்டு அந்தத் தீர்த்தத்தைக் குடிக்கிறேன். சரியா இருந்தா, அப்பா, நீங்க இன்னிக்கே என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

கூட்டம் சிரித்தது. "சரி, வர்றேன்" என்றார் ரெத்தினம். சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. சுவாமிகள் பித்தளைத் தட்டோடு வெளியே வந்தார். ஏழு தலை! கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. ரெத்தினம் தடியை ஊன்றி முன்னால் போனார்.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க சுவாமி."

"சாமியோட முதுகைப் பாத்தா குடும்பத்துக்கு ஆகாது."

"ஏன் ஆகாது?"

எத்தனையோ வருடம் கழித்து அவர் வாயில் அந்த 'ஏன்' வந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் சாமியைத் தானே பிடித்துத் திருப்பினார். சுவாமிகள் எட்டிப் பார்த்தார். தன் சாமியின் முதுகை அவரும் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். 'இது செல்போன் ஸ்டாண்டு. வரைந்தது சுடர்விழி. விலை இலவசம்.'

இராஜாங்கம் கல்லாவைத் திறந்து காகிதத்தை உரக்கப் படித்தார். எழுத்துக்கு எழுத்து அதேதான். சுடர்விழி தன் போனைப் பள்ளத்தில் நிறுத்தி, மூச்சுத் துளையில் வயரை நுழைத்துக் காட்டினாள். கச்சிதமாக நின்றது. யாரோ உள்ளே ஓடிப் பட்டுத் துணியை உருவினார்கள். மெஷின் வெட்கமில்லாமல் நின்றது.

"அந்தப் பொண்ணு கையால நாகராஜாதான் வரைஞ்சாரு..." என்று சுவாமிகள் தொடங்கினார். அதற்கும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் ஆட்டவில்லை என்று கண்டதும், பின்வாசல் வழியாகக் கிளம்பினார். கஸ்டமர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ரெத்தினம் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பஸ் ஸ்டாப்பில் மங்களாம்பிகை மூச்சிரைக்க ஓடி வந்தாள். காலையிலிருந்து வரிசையில் நின்றவள். சட்டென்று சுடர்விழியின் காலைத் தொட்டாள்.

"நடக்கப்போறதை அப்படியே எழுதி வச்சியேம்மா! எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்னு ஒரு சீட்டு எழுதிக் குடு தாயி."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் நாலு பேர். பஸ் ஸ்டாப்பிலும் ஒரு வரிசை உருவாகிவிட்டது.

பஸ் வந்து நின்றது. ரெத்தினம் படியைப் பிடித்து ஏறி, கறுத்த காலை மெல்ல மேலே இழுத்துக்கொண்டு, திரும்பினார்.

"வரிசையைக் கலைங்கம்மா. இதுல நின்னதுக்கு எனக்கு ஒரு விரல் போகப்போவுது. உங்களுக்கு என்ன போனாப் பரவாயில்லைன்னு யோசிச்சுட்டு, அப்புறமா வந்து நில்லுங்க."