கருடனுக்கு நெத்திலி

எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாயிற்று, கற்பூரமும் வைத்தாயிற்று. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து மீன் வாசனை போவதாக இல்லை. சாரங்கபாணி அணுபுரம் குடியிருப்பின் மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் மகள் மீராவைப் பெண் பார்க்க வந்துவிடுவார்கள். வருகிறவர்களும் இவரைப் போலவே முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத ஆசாரக் குடும்பம் என்று தரகர் சொல்லியிருந்தார்.

எல்லாம் ஒரு வேண்டுதலால் வந்த வினை.

அடிபட்ட பறவைகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றைப் பார்க்கப் போனவர், மாஞ்சா நூலில் சிறகு அறுந்த செம்பருந்தைக் கண்டார். அவருக்கு அது சாட்சாத் கருடன். இனிப் பறக்காது என்றார்கள். மனசு தாங்கவில்லை. நேரே திருவிடந்தைப் பெருமாள் முன் போய் நின்று, மீராவுக்கு வரன் அமையும்வரை அந்தக் கருடனுக்குத் தன் கையால் தினமும் ஆகாரம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும் என்று கேட்டு வளர்ந்த மனிதர். மறுநாள் நெய் ஒழுகும் பொங்கலைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனார். காப்பக டாக்டர் ஷீலா அதில் ஒரு வாய் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஊழியர்களிடம் நீட்டினாள்.

"பொங்கல் பிரமாதம் சார். ஆனா இது மீன்தான் சாப்பிடும்."

பணமாகக் கொடுத்துவிடலாமே என்று அவளே வழியும் சொன்னாள். தன் கையால் என்றல்லவா பெருமாளிடம் சொல்லித் தொலைத்திருக்கிறார்!

அன்று பிடித்தது சனி. சாலையோரம் கூடை வைத்திருக்கும் சொர்ணத்திடம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நெத்திலி வாங்கினார். கருடனுக்கு என்று கேட்காமலே விளக்கமும் சொன்னார்.

"யாருக்கா இருந்தா இன்னா சாமி, வவுறு ரொம்பினா சரி" என்றாள் அவள்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று காப்பிப்பொடி டப்பாவில் மீனை மறைத்துக் கொண்டுபோனார். மனைவி சுந்தரவல்லி அது தெரியாமல் அதே டப்பாவில் பொடியை நிரப்பி, பக்கத்து வீட்டாருக்குக் காப்பி கொடுத்தாள். அவர்கள் ஒரு வாயோடு எழுந்து போனார்கள். வாசனையை அமுக்க வீடெங்கும் சாம்பிராணி போட்டார். எதையோ பொரித்துவிட்டுப் புகை போடுகிறார்கள் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சானது. தெருப் பூனைகள் வேறு அவர் ஸ்கூட்டரைச் சுற்றியே குடித்தனம் நடத்தின.

அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, வந்த வரன்கள் ஒவ்வொன்றாக நழுவின. வரன் அமையும்வரை மீன் வாங்க வேண்டும். மீன் வாங்கும்வரை வரன் அமையாது. திரும்பி வந்த தன் ஜாதகங்களை மீரா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். அதுதான் அவரைக் கொன்றது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்.

பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பையன் கிருஷ்ணபிரசாத் நல்ல லட்சணமாக இருந்தான். மீராவுக்கும் பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. சாரங்கபாணி மூச்சை விடப்போன நேரத்தில் வாசலில் கூடையுடன் சொர்ணம்.

"இன்னா சாமி, காலீல காணோமே. கருடன் பட்டினியா கெடக்கும்னு வூட்டை விசாரிச்சிகினு நானே எடுத்துகினு வந்தேன்."

சுந்தரவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். மீரா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சாரங்கபாணி காப்பகம், வேண்டுதல், நெத்திலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கை தானாகக் குவிந்தது.

"சத்தியமா கருடனுக்குத்தான். நம்புங்கோ."

பிள்ளையின் அப்பா எழுந்தார். சாரங்கபாணியின் தோளைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். முடிந்தது கதை என்று சாரங்கபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துடலாம்" என்று பிள்ளையின் அப்பா இவர் காதோரம் குனிந்தார். "எங்க பையனுக்கு வாங்கற மீனை நாங்க நாய்க்குன்னு சொல்லிண்டிருக்கோம். கருடனுக்குன்னு சொல்லலாம்னு எங்களுக்குத் தோணவே இல்லை பாருங்கோ."