வாகீசர் உயர்த்திய வண்டி

இறுப்பிட்டி வாகீசர் ஒரு வெள்ளிக்கிழமை காலை நீராடி, நெற்றி நிறையத் திருநீறு தரித்து, பிள்ளையார் படத்தின் முன் நின்று ஒரு சங்கற்பம் செய்துகொண்டார். முனிவர்கள் உலக நன்மைக்காகச் சங்கற்பம் செய்வார்கள். வாகீசரின் சங்கற்பம், தம் மனைவி இனி வண்டியில் ஏறக்கூடாது என்பது.

வண்டி என்றது, பெற்றோல் வாடையே அறியாத மின்சார வண்டி. எங்கோ ஒரு பெரிய ஹொட்டலில் கோல்ஃப் விளையாட வருவோரைச் சுமந்து திரிந்தது. கனடாவிலுள்ள மகள் தனுசியா, அம்மாவின் முழங்கால் நோவுக்கு இரங்கி அதை வாங்கி அனுப்பியிருந்தாள். வண்டி வந்த நாள் தொட்டு வாகீசர் சாரதியானார். மாலை நான்கரை என்றால் கேதீஸ்வரி அம்மையார் ஏறி அமர்ந்துவிடுவார். கடற்கரை வீதியால் தமக்கை சறோஜினிதேவி வீட்டுக்குப் போகவேண்டும். சகோதரிகள் விளக்கு வைக்கும்வரை பேசுவார்கள். வாகீசர் முற்றத்தில் நாயோடு இருப்பார். நாயாவது இடையிடையே எழுந்து போகும்.

அதே நான்கரைக்குத்தான் கடற்றொழில் செய்யும் பத்திநாதரின் வளவில் முன்னூற்றிநாலு தொடங்கும். நால்வர் கூடி ஆடும் கடுதாசி ஆட்டம் அது. வண்டி வருமுன்னர் வாகீசர் மாலைதோறும் அங்கேதான் இருந்தார். மனைவியிடம் சொன்னதோ, கோயில் மண்டபத்தில் தேவாரம் பாடப் போவதாக. கடைசியாகப் போன நாளில் தம்முடைய பட்டுச் சால்வையை மடித்து, இடம் பிடிப்பதற்காகத் தாம் அமரும் கதிரையில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில், "சால்வையைக் கோயிலிலை மறந்துபோனன்," என்றார்.

இப்போது பத்திநாதர் வழியில் மறித்துச் சொல்லிவிட்டார்.

"வாகீசண்ணை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பன். பிறகு கதிரை பஸ்ரியாம்பிள்ளைக்கு. மூண்டு பேர் எவ்வளவு நாளைக்குக் கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

அந்தக் கதிரையை இழந்து உயிர் தரிப்பதா! வாகீசர் வேலணையில் கராஜ் வைத்திருக்கும் மிரோஜனிடம் வண்டியோடு விரைந்தார்.

"தம்பி, இதை உயர்த்த ஏலுமோ?"

"ஓம் ஐயா. லிப்ற் கிற் எண்டு இரும்புத் தாங்கி இருக்கு. அதைப் பூட்டினால் வண்டி உயரும். பெரிய ரயரும் போடலாம். ஆனால் மோட்டர் பழைய மோட்டர்தானே? வெளிக்கிடேக்கை முக்கும்."

"முக்கட்டும்."

"சார்ச் கெதியா இறங்கும்."

"இறங்கட்டும், இறங்கட்டும்."

"மீற்றர் குறைச்சுக் காட்டும். பதினைஞ்சு எண்டு காட்டினால் பதினெட்டு எண்டு நினையுங்கோ. வளைவிலை மெல்லப் போகோணும். வயசான ஆக்களுக்கு ஏறவும் கஷ்டம்."

கடைசி வார்த்தை வாகீசரின் செவியில் திருவருளாய்ப் பாய்ந்தது.

"நாலு அங்குலம் உயர்த்தும்!"

வீட்டில் அதற்கு வேறு விளக்கம் அளித்தார். "இஞ்சேரும், மாரி வருகுது. வீதியிலை வெள்ளம் நிண்டால் பற்றறி நனைஞ்சுபோம். எல்லாம் உம்மடை நன்மைக்குத்தான்."

"செய்யுங்கோ," என்றார் கேதீஸ்வரி, வெங்காயம் உரித்தபடி. அவ்வளவு எளிதில் இணங்கியதைக் கண்டு வாகீசர் அஞ்சியிருக்க வேண்டும். அஞ்சவில்லை.

ஞாயிறு மதியம் வண்டி வந்தது. நாலு அங்குலம் என்றது ஆறுபோலத் தோன்றிற்று. தாராளமான பிள்ளை என்று மிரோஜனை மனத்துள் வாழ்த்திவிட்டு, வாகீசர் சில்லுக்கொரு தேசிக்காய் வைத்து வண்டியை நகர்த்தினார். மூன்று நசிந்தன. நாலாவது காய் ரயரின் ஆழமான வெட்டுக்குள் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, முழுதாகவே வெளியே விழுந்தது.

"பிள்ளையார் உங்கடை தேசிக்காயைத் திருப்பித் தந்திட்டார்," என்றார் மனைவி.

நான்கரை ஆயிற்று.

"ஏறும் பாப்பம்," என்றார் வாகீசர், முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு.

கேதீஸ்வரி குசினிக்குள் போய், கயிறு கட்டிய சின்ன வாங்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கால் வைத்து ஏறினார். அமர்ந்தார். கிணற்று வாளியை இழுப்பதுபோல் வாங்கையும் மேலே இழுத்துக்கொண்டார்.

"முந்தி சீற் நிலத்தோடை பதிவு, எழும்பேக்கை முழங்கால் உயிர் போகும். இப்ப கதிரையிலை இருந்த மாதிரி. நல்ல புண்ணியம் உங்களுக்கு!"

வாகீசர் தளரவில்லை. மதியம் சார்ச்சுக்குப் போட்ட வண்டியை அரை மணித்தியாலத்தில் பிடுங்கியிருந்தார். கோயிலடி மதகோடு அது உயிர் விடும். அம்மையார் நடந்து வீடு திரும்புவார். பிறகு இந்த வண்டியை ஏறெடுத்தும் பாரார். இதுவே அவருடைய இரண்டாம் அஸ்திரம்.

வண்டி முக்கியது, முனகியது, ஊர்ந்தது. சமதரை கண்டதும் ஓடியது. மதகும் வந்தது. உயிர் விடவேண்டிய வண்டி விடவில்லை. மதகைக் கடந்து, திரும்பி, கடற்கரை வீதியில் பத்திநாதரின் வேலியோரம் வந்து, நெடுமூச்சொன்றை விட்டு நின்றது.

வாகீசர் நிமிர்ந்தார். இத்தனை காலம் தலைக்கு மேலே நின்று அவரை மறைத்துக் காத்த பனையோலை வேலி, இன்று அவருடைய மூக்குக்குக் கீழே நின்றது.

உள்ளே ஒரு மேசை. நாலு கதிரைகள். மூன்று பேர். நாலாவது கதிரையில் பட்டுச் சால்வை.

"வாகீசண்ணை! வந்திட்டியளோ!" என்று பத்திநாதர் துள்ளி எழுந்தார். "கதிரை தப்பீட்டுது! சால்வை வைச்சபடி கிடக்கு!" பிறகுதான் பக்கத்திலிருந்த தலையைக் கண்டார். "ஆ... அக்காவும் வந்திருக்கிறா."

"இதுதானோ உங்கடை தேவார மண்டபம்?" என்று கணவரிடம் கேட்டார் கேதீஸ்வரி.

"அது... பத்திநாதர் சால்வையைக் கோயிலிலை கண்டெடுத்து..."

"மாதா கோயிலுக்குப் போற பத்திநாதரண்ணை எப்ப எங்கடை கோயிலுக்கு வந்தவர்?"

வாகீசர் வானத்தைப் பார்த்தார். "எல்லாம் விதி. மிரோஜன் அளவுக்கு மிஞ்சி உயர்த்திப்போட்டான்."

"விதியுமில்லை, ஒண்டுமில்லை. இந்த வேலியடியிலை நீங்கள் நாள்தோறும் கழுத்தை நீட்டுறதைக் கண்டனான். நாலு அங்குலத்திலை வேலிக்கு அங்காலை தெரியாது. நான்தான் அவனுக்குப் போன் எடுத்து ஆறாக்கச் சொன்னனான்."

சொல்லிவிட்டு வாங்கை இறக்கினார்; தாமும் இறங்கினார்; படலையைத் திறந்து உள்ளே போனார்.

"கடுதாசியைப் போடுங்கோ அண்ணை. நான் அப்பான்ரை கடையிலை நாலு தமையன்மாரோடை விளையாடி வளந்தனான்."

"அப்ப நான்?" என்றது வேலிக்கு மேலாகத் தெரிந்த தலை.

"நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அக்கான்ரை வீட்டிலை சார்ச்சுக்குப் போடுங்கோ. அவவையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. அவ என்னிலும் கெட்டிக்காரி."

இப்போதும் மாலை நான்கரைக்கு வண்டி தவறாமல் புறப்படுகிறது. வாகீசர் வேலிக்கு வெளியே வண்டியில் அமர்ந்து, உண்மையாகவே தேவாரம் பாடுகிறார். பட்டுச் சால்வை அன்று வைத்த கதிரையிலேதான் இருக்கிறது; அதன்மேல் கேதீஸ்வரி இருக்கிறார்.