கடலில் குளிரவைத்த தர்பூசணி

இந்தக் கோடையிலும் கடலில் கால் நனைக்கப் போவதில்லை என்று நான் தீர்மானம் செய்தேன். ஈஸ்டர் முடிந்ததும் வருடாவருடம் செய்கிற தீர்மானம்தான். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே தீர்மானமும் அதுதான். சிகரெட்டை விடுவது, மாமனாரோடு சண்டை போடாமலிருப்பது எல்லாம் அடுத்த ஞாயிறைக் கூடப் பார்த்ததில்லை.

நான் கொஸ்மாஸ். எங்கள் தீவின் பஸ் டிரைவர். துறைமுகத்தில் கிளம்பி, மலையைச் சுற்றி, எல்லாக் கடற்கரைகளுக்கும் போகிறதே நீல பஸ், அதை ஓட்டுவது நான்தான். ஆனால் பஸ் மணல் வரை இறங்காது. மேலே ரோடு முடிகிற இடத்தில் நிறுத்துவேன். "கண்ணாடி மாதிரித் தண்ணி! வாழ்நாள்ல மறக்க மாட்டீங்க!" என்று கத்துவேன். கதவைத் திறப்பேன். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்தபடி இறங்கிப் போவார்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்தக் கண்ணாடியை நான் பார்த்ததே கிடையாது. மேலேயிருந்து ஒரு நீலத் துண்டு தெரியும், அவ்வளவுதான்.

ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பக்கத்து மேஜைக்குக் கேட்க வேண்டாம். எனக்கு நீச்சல் தெரியாது.

தீவில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் காபிக்கடையில் நாற்காலி தரமாட்டார்கள். என் நிலைமை அதைவிட மோசம். கல்யாணத்துக்கு முன்னால் அர்கிரோவிடம், துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்குப் பாறை வரை ஒரே மூச்சில் நீந்திவிட்டு வருவேன் என்று அளந்து வைத்திருந்தேன். அவள் மலைக்கிராமத்துப் பெண். ஆடு மேய்க்கிற குடும்பம். கடலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம்தான். அவள் அதை எங்கள் மகள் மிர்சினியிடம் சொல்லிவிட்டாள். நாலு வயது மிர்சினி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா டால்பின்!"

மகள் கண்ணில் டால்பினாக இருப்பவன் அவள் கண்ணெதிரே குடம் மாதிரி மூழ்கினால்? மூழ்குவது கூடப் போகட்டும். அவள் பார்ப்பாளே!

அதனால் என் தாய்நாட்டின் பழக்கவழக்கங்களை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கிறிஸ்து விண்ணேறிய பண்டிகைக்கு முன்னால் கடலில் இறங்கக் கூடாது. மே போச்சு. ஜூனில் தண்ணீர் குளிர், நெஞ்சில் சளி கட்டும். ஆகஸ்ட் முதல் வாரம் கடலுக்கு ஆகாத நாட்கள். அப்போது துணி துவைத்தாலே கிழியும் என்பார்கள், மனுஷன் குளித்தால்? அதன் பிறகு வடக்குக் காற்று. ஆகஸ்ட் நடுவில் மாதா பண்டிகை முடிந்தால் கடலின் குணம் மாறிவிடும், அதை நம்ப முடியாது. இப்படி என் வேலிக்குள் ஒரு ஆடு கூட நுழைய முடியாது.

ஜூலையில் மட்டும்தான் ஓட்டை. அதை பஸ் அடைத்துக்கொண்டிருந்தது. ஜூலையில் டிரைவருக்கு லீவு ஏது? இந்த வருடம் பாழாய்ப்போன முதலாளி இரண்டாவது டிரைவரை வைத்துவிட்டார்.

"கொஸ்மா, திங்கட்கிழமை உனக்கு லீவு" என்றாள் அர்கிரோ.

"யாரு சொன்னா?"

"நீதான். தூக்கத்துல சிரிச்சுக்கிட்டே சொன்னே. அன்னைக்கு நாம தீவு சுத்திப் பாக்கப் போறோம்."

"எந்தத் தீவை?"

"வாசலுக்கு வெளியே ஒண்ணு கிடக்கே, அதைத்தான்."

"இங்க என்னடி இருக்கு பாக்க? கல்லும் தண்ணியும்."

"அப்போ 'வாழ்நாள்ல மறக்க மாட்டீங்க'ன்னு தினம் தொண்டை கிழிய கத்துறியே?"

"அது வெளியூர்க்காரங்களுக்கு."

"நானும் மலைமேலேருந்து வந்தவதானே. என்னையும் வெளியூர்க்காரின்னு வச்சுக்க."

"வெயில் மண்டையைப் பொளக்கும்."

"தொப்பி இருக்கு."

"வண்டி?"

"அண்ணன் வண்டியைக் கேட்டு வாங்கிட்டேன். டேங்க் நெறஞ்சிருக்கு."

"ஆகஸ்ட்ல போலாமே, அர்கிரோ. நிதானமா."

"ஆகஸ்ட்ல கடலுக்கு ஆகாதுன்னு நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே?"

என்னிடம் இன்னும் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. இந்த நாட்டில் எந்தத் தாயும், எந்த டாக்டரும், எந்தப் பாதிரியாரும் எதிர்த்துப் பேசாத சட்டம் அது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் கடலில் இறங்கக் கூடாது. அப்படியென்றால் நான் செய்ய வேண்டியது சுலபம். நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆலிவ் வாய்க்குள் போனால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை தர்பூசணி வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தது. எல்லாப் பெண்களும் பழத்தைத் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குவார்கள். அர்கிரோ தட்டவும் இல்லை, வெட்டவும் விடவில்லை.

"இருக்கறதுலயே பெருசு எது?"

"இதுதாம்மா. ஆனா வெட்டிக் காட்டறேன், உள்ளே செவப்பா—"

"கத்தியை வச்சிராதீங்க! முழுசாத்தான் வேணும்."

மலைப்பெண்ணுக்குப் பழம் வாங்கத் தெரியவில்லை என்று நான் மீசைக்குள் சிரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிளம்பினோம். முதலில் பழைய பளிங்குச் சுரங்கம். 'படுத்திருக்கும் மனிதன்' என்று நான் தினமும் பஸ்ஸிலிருந்து கை காட்டுகிற இடம். அந்தக் கால சிற்பிகள் பாறையிலேயே ஒரு ஆளைச் செதுக்க ஆரம்பித்து, பாதியில் கால் விரிசல் விட்டதும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முள்செடிகளைத் தாண்டி ஏறினால், என் பஸ் நீளத்துக்கு ஒருத்தன் மல்லாந்து கிடக்கிறான்! தாடி தெரிகிறது. தோள் தெரிகிறது. முகம் இன்னும் வரவில்லை. வானத்தைப் பார்த்துக் கிடக்கிறான், யாராவது வந்து கண் திறந்து வைப்பார்கள் என்று. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் இவனுக்கு நான் வெறும் விரலை நீட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

"பாவம்" என்றாள் அர்கிரோ மெதுவாக. "இவரையும் யாரோ சாப்பிட்டு மூணு மணி நேரம் இருன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

நான் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். என் ஆயுதத்தைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லையே!

அப்புறம் அந்தக் கடற்கரை. பஸ் நிற்கிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். வளைவு ஒன்று. பெரிய பாறை ஒன்று. பாறையைத் தாண்டினதும் நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மிர்சினி என் முதுகில் முட்டிக்கொண்டாள்.

கண்ணாடி மாதிரி என்று நான் கத்தியதெல்லாம் பொய். கண்ணாடியைப் பார்த்தால் கண்ணாடி தெரியும். இங்கே தண்ணீரே தெரியவில்லை. ஒரு வெள்ளைப் படகு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நிழல் அடியில் மணலில் தனியாகக் கிடந்தது. கரையோரம் பால் கலந்த பச்சை. அதற்கப்பால் மயில் கழுத்து. அதற்கும் அப்பால் ஒரு நீலம், அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

"வாயை மூடு, கொஸ்மா. ஈ போகுது."

"இது... இங்கயேவா இருந்துச்சு?"

"உன் பஸ் ஸ்டாப்புக்குக் கீழேதான்."

அர்கிரோ தர்பூசணியை வலைப்பையில் போட்டுக் கடலில் இறக்கினாள், குளிரட்டும் என்று. எல்லோரும் செய்கிறதுதான். பிறகு கூடையைத் திறந்து வைத்தாள். நான் வேலையை ஆரம்பித்தேன்.

"அப்பா, தண்ணிக்கு வா!"

"அப்பா இப்பத்தான் ஆலிவ் சாப்பிட்டேன் கண்ணு. மூணு மணி நேரம் ஆகணும்."

"சாப்பிடு, சாப்பிடு" என்றாள் அர்கிரோ, பாசமாக. "மத்தி இருக்கு பாரு, உப்புல ஊறப்போட்டது. சீஸ் இருக்கு. ரஸ்க் இருக்கு."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்! ஆலிவ் தின்றேன். மத்தி தின்றேன். உப்புச் சீஸை ரஸ்க்கின் மேல் பிசைந்து தின்றேன். அதற்குள் அர்கிரோ குழந்தையோடு தண்ணீரில் இறங்கினாள். இறங்கினாளா? வழுக்கிக்கொண்டு போனாள். ஆடு மேய்த்தவள் மீன் மாதிரி தலையை முக்கி, படகுக்கு அந்தப் பக்கம் எழுந்தாள். பின்னாலேயே மிர்சினி, வாத்துக்குஞ்சு மாதிரி! என் கையிலிருந்த மத்தி மணலில் விழுந்தது. இவர்கள் எப்போது கற்றுக்கொண்டார்கள்? நான் பஸ் ஓட்டுகிற நேரத்தில் வீட்டில் இவ்வளவு நடக்கிறதா?

அவர்கள் கரையேறினார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அர்கிரோ, தண்ணி பாட்டில் எங்கே?"

"குழந்தைக்குத்தான் ஒண்ணு கொண்டு வந்தேன். அவ குடிச்சிட்டா. தர்பூசணி இருக்கே."

"எடுத்துட்டு வாயேன்."

"இவளுக்குத் தலை பின்னிக்கிட்டிருக்கேன். நீ போய் எடு."

"சாப்பிட்டு இன்னும் மூணு மணி நேரம்..."

"குளிக்கத்தானே கூடாது? பழம் எடுக்கக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சு?"

வாயில் ஒரு சொட்டு எச்சில் இல்லை. எழுந்தேன். பேன்ட்டைச் சுருட்டினேன்.

பழம் வைத்த இடத்தில் இல்லை. முழங்கால் ஆழத்தில் வைத்தது, கொஞ்சம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு எட்டு வைத்தேன், அதுவும் ஒரு எட்டு போனது. இடுப்பு வரை வந்தேன், அது நெஞ்சு ஆழத்துக்குப் போனது. மேலே பாதையில் இரண்டு வெளியூர்க்காரர்கள், "ஓ, பஸ் டிரைவர்!" என்று கை ஆட்டினார்கள். மகள் பார்க்கிறாள். நாடுகள் பார்க்கின்றன. தொண்டை எரிகிறது. கையை நீட்டி ஒரு தாவு தாவினேன். காலடியில் மணல் முடிந்துபோனது.

முடிந்தது என் கதை என்று பழத்தைக் கட்டிக்கொண்டேன். கண்ணை இறுக மூடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தேன். நான் மிதந்துகொண்டிருந்தேன். கீழே வெகு ஆழத்தில் என் நிழல், ஒரு உருண்டையைக் கட்டிப்பிடித்தபடி மணல்மேல் பறந்துகொண்டிருந்தது. என் கால்களுக்கு நடுவே வெள்ளி மீன்கள், கூட்டமாக, பயமே இல்லாமல், நான் ஏதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி. வெயில் தண்ணீருக்குள் இறங்கி, வலை வலையாக அடியில் ஆடியது. சத்தமே இல்லை. கடல் என்னைத் தாங்குகிறது. பஸ் டிரைவரை. மத்தி தின்ற என்னை. எனக்கு ஏனோ அழுகை வந்தது. தண்ணீரில் அழுவதில் ஒரு சௌகரியம், வெளியே தெரியாது.

"காலை அடி!" கரையிலிருந்து அர்கிரோ கத்தினாள். "தவளை மாதிரி!"

அடித்தேன். போனேன்! படகைச் சுற்றினேன். பழம் முன்னால், நான் பின்னால். மிர்சினி கைதட்டிக் குதித்தாள். கரைக்கு வந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். பாதிப் பழத்தை நானே தின்றேன். அதற்கு மேல் இனிப்பு இந்த உலகத்தில் இல்லை. திரும்பித் திரும்பித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிர்சினி நண்டு தேடிப் போன நேரம், மெல்லக் கேட்டேன். "அர்கிரோ... உனக்கு எப்பத் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"அதான்."

"வருஷா வருஷம் ஜனவரியில பாதிரியார் சிலுவையைக் கடல்ல வீசுவாரு. பசங்கல்லாம் எடுக்கக் குதிப்பாங்க. சரியா அன்னைக்கு காலையில உனக்குக் காய்ச்சல் வரும். சாயங்காலம் விருந்து ஆரம்பிக்கறதுக்குள்ள காய்ச்சல் விட்டுடும். எங்க ஊர் ஆட்டுக்கே அது புரிஞ்சிடும்."

"குழந்தைக்குத் தெரியாதுல்ல?"

"ச்சே! நான் சொல்வேனா?"

நிம்மதியாக இருந்தது. மகள் கண்ணில் நான் இன்னும் டால்பின். அவள் வந்ததும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா நீந்தினதைப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேம்ப்பா! பயப்படாதே, அம்மா எனக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. முதல்ல பெரிய தர்பூசணி, அப்புறம் சின்னது, அப்புறம் எலுமிச்சம்பழம்" என்று என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள் என் மகள். "நான் எலுமிச்சம்பழத்துல இருக்கேன்."