மேனேஜருக்குச் சர்க்கரை

செம்பாக்கத்தை அந்த நாளில் பேரூராட்சி ஆண்டதாக நினைப்பவர்கள் அங்கே குடியிருந்ததில்லை. ஆண்டது கேபிள் பாய். தண்ணீர் லாரி வராவிட்டால் எங்கள் ஜனங்கள் நாலு நாள் பொறுத்துக்கொள்வார்கள். ராத்திரி சீரியல் நாலு நிமிஷம் நின்றால் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சீரியலின் குடுமி பாய் கையில் இருந்தது. அவரைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாகக் குடும்பம் நடத்திய ஆண்பிள்ளை ஒருவரையும் எனக்குத் தெரியாது.

அவருடைய சொந்தப் பெயரும் எனக்குத் தெரியாது. அவர் ஆபீசுக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே நான் குடியிருந்தும் கேட்கத் தோன்றியதில்லை. தோளில் எப்போதும் ஒரு சுருள் கறுப்பு ஒயர் இருக்கும். கல்யாண விருந்துக்கு வந்தாலும் அதோடுதான் வருவார். "போற வழில எவன் வூட்லனா படம் புள்ளி புள்ளியா வந்தா இன்னா சார் பண்றது?" என்பார்.

பத்துக்குப் பத்து அறையில் இரும்பு அலமாரி நிறைய பெட்டிகள் இரைந்துகொண்டிருக்கும். அதுதான் கன்ட்ரோல் ரூம். அங்கிருந்து சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் நடத்தினார். மத்தியானம் ஒரு பழைய படம் போடுவார். படத்துக்குக் கீழே வாடகை வீடு, டியூஷன், காதுகுத்து வாழ்த்து எல்லாம் வரிவரியாக ஓடும். அலமாரியில் இருந்ததிலேயே அதிகம் சூடாகும் ஆம்ப்ளிஃபையரின் மேல், கொழுத்த ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று படுத்திருக்கும். அவர்தான் மேனேஜர்.

மரியாதை என்னுடையதல்ல, பாயுடையது. யாராவது சண்டைக்கு வந்தால், "நம்மளாண்ட ஒண்ணும் இல்ல சார், மேனேஜராண்ட சொல்லிடு" என்று பூனையைக் காட்டுவார். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். புகார் அதோடு பைசல்.

ஒரு வெள்ளிக்கிழமை, சீரியல் மாமியார் பெரிய உண்மை ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தபோது பாதி செம்பாக்கத்தில் படம் போய்விட்டது. நாங்கள் கும்பலாகப் போய்ப் பார்த்தால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை வருகிறது. மேனேஜர் அதன் மேலேயே சிறுநீர் கழித்திருந்தார். பாய் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ மேனேஜரின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீசன்ட்டான ஆளு சார் இவரு. எட்டு வருசத்துல ஒருநாள் இப்டி பண்ணதில்ல. பக்கெட்டு பக்கெட்டா தண்ணி குடிக்கிறாரு. ஒடம்பு வேற எளைச்சிக்கினே போவுது. இன்னாமோ கீது சார்."

மறுநாள் மேனேஜரைக் கூடையில் வைத்து, கிழக்குத் தாம்பரத்தில் கால்நடை டாக்டரம்மா ஒருவரிடம் கூட்டிப்போனோம். ஆட்டோவில் போனது நான், பாய், மேனேஜர், அந்த ஒயர்ச் சுருள். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா சர்க்கரை வியாதி என்றார்.

"இன்னாம்மா இது! ஊரு டென்ஷன் பூரா எனக்கு, சக்கரை இவருக்கா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். வேளைக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். பால், சோறு, பன், பிஸ்கட் எல்லாம் நிறுத்த வேண்டும். பூனை என்பது மீனும் கறியும் தின்னப் பிறந்த ஜீவன், நாம்தான் சோறு போட்டுக் கெடுக்கிறோம் என்றார். "இங்க நாயெல்லாம் பார்த்துப் பயந்தாலே நம்பர் ஏறிடும். அதனால வீட்லயே டெஸ்ட் பண்ணுங்க. நம்பர் நல்லா இறங்க ஆரம்பிச்சா அன்னிக்கே போன் பண்ணுங்க. மருந்தைக் குறைக்கணும், இல்லைன்னா ஆபத்து."

சர்க்கரை பார்க்கும் மிஷின் வாங்கத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம். கடைக்காரர், "யாருக்கு? வயசு என்ன?" என்றார்.

"எட்டு."

"அடடா, குழந்தைக்கா!"

"குழந்தைதாம்ப்பா," என்றார் பாய். கடைக்காரர் மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். குழந்தைக்கு வால் இருப்பதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பூனைக்குக் காது ஓரத்தில் குத்தித்தான் ரத்தம் எடுக்க வேண்டும். குத்துமுன் காதைச் சூடாக்கினால் ரத்தம் சுலபமாக வரும். பாய் ஒரு துணியை ஆம்ப்ளிஃபையர் மேல் போட்டு வைத்திருந்து, அதைக் காதில் ஒற்றுவார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்துவார். முதல் மூன்று தடவை தன் கட்டைவிரலைத்தான் குத்திக்கொண்டார். அதில் ஒரு சொட்டு மிஷினில் போய், பாய்க்குச் சர்க்கரை இல்லை என்பது இலவசமாகத் தெரிந்தது. குத்தி முடித்ததும் மேனேஜருக்கு ஒரு துண்டு மத்தி மீன் கொடுப்பார். ஒரே வாரத்தில் மேனேஜர் மிஷினைப் பார்த்ததும் தானாகவே வந்து காதைச் சாய்க்க ஆரம்பித்தார்.

எல்லாம் சரி, ஊசியும் வேளை தவறவில்லை, எண் மட்டும் இறங்கவே இல்லை. காரணம், மேனேஜருக்குத் தெருவெல்லாம் வீடு. எங்கள் வீட்டில் அவர் பெயர் செல்லம், காலையில் தயிர்சாதம். எதிர்வீட்டில் ராஜா, பால். பேக்கரியில் டைகர், பன். சிறுசேரி கம்பெனிகளுக்குப் போகும் மாடிவீட்டுப் பையன்களிடம் 'மச்சான்', நூடுல்ஸ். ஒரு நாள் மத்தியானப் படத்தில் கதாநாயகி கதறி அழும்போது அவளுக்குக் கீழே இப்படி ஓடியது:

'பொதுமக்களுக்கு அறிவிப்பு. மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி. பால், சோறு, பன், நூடுல்ஸ் கொடுக்கும் வீடுகளின் இணைப்பு முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்படும். இப்படிக்கு, நிர்வாகம்.'

அடுத்த நாளிலிருந்து எண்ணே ஓட ஆரம்பித்தது. 'மேனேஜர், இன்று காலை: 340.' கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "இன்னிக்கு மேனேஜருக்கு எவ்ளோ?" என்று விசாரித்துக்கொண்டார்கள். எண் ஏறினால் அன்று மேனேஜர் நடமாடிய பக்கத்தில் யார் வீட்டிலாவது ஒயர் கழன்றுவிடும். ஒரு நாள் தண்டனை. பெரும்பாலும் தவறான தீர்ப்பு.

ஆயுள் தண்டனை ஒருவருக்குத்தான் கிடைத்தது. எங்கள் தெருக்கோடியில் இருந்த மிலிட்டரி சார், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர், இருபது வருஷச் சர்க்கரைக்காரர். மேனேஜரோடு போட்டியே போட்டார். "அதுக்கு 310, எனக்கு 280. பட்டாளத்தான் சோடை போவானா!" என்று காலையில் கேட்டில் நின்று கத்துவார். ஒரு நாள் பாய் ஒரு மொட்டைமாடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, மிலிட்டரி சார் மனைவிக்குத் தெரியாமல் பின்பக்க ஜன்னலில் மைசூர்பாகு தின்பதைப் பார்த்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் மேனேஜர். ஆளுக்குப் பாதி.

"சக்கரைக்காரன் கஷ்டம் சக்கரைக்காரனுக்குத்தான்யா தெரியும்!" என்று மிலிட்டரி சார் வாதாடினார்.

"மன்னிப்பு கேளு சார், உட்டுர்றேன்."

"மன்னிப்பா? நானா? போய்யா, எனக்கு ரேடியோ போதும்!"

ஒயர் கழன்றது. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டு ஒயரும் கழன்றது. நாங்கள் தயிர்சாதத்தை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. என் மனைவி, சீரியல் கல்யாணம் ஒன்றைத் தவறவிட்ட கோபத்தோடு, சாயங்காலம் கன்ட்ரோல் ரூம் வாசலில் போய் நின்றாள். உள்ளே பாய் டீயில் பொறை ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். கடைசித் துண்டை, திரும்பிப் பார்க்காமலே, கையைப் பின்னால் நீட்டி மேனேஜர் வாயில் வைத்தார்.

"பாய்! இது என்ன?"

"எது தங்கச்சி?"

"இப்போ மேனேஜர் வாய்ல போச்சே, அது!"

பாய் தன் கையையே யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். "அய்யய்ய, அது சாப்பாடு இல்ல தங்கச்சி. அது பழக்கம். குட்டியா இருக்கசொல்லோ இருந்து குட்த்துக்கினு கீறேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. ஊர் ஒயரையெல்லாம் கழற்றிய மனுஷன், தினமும் சர்க்கரை போட்ட டீயில் ஊறிய பொறையைத் தன் கையாலேயே ஊட்டியிருக்கிறார். அன்று ராத்திரியே தன் வீட்டு ஒயரை ஒரு வாரத்துக்குக் கழற்றினார். அவர் வீட்டம்மா போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. கன்ட்ரோல் ரூமில் பொறை, பிஸ்கட், சர்க்கரை எல்லாம் ஒழிந்தன. தானும் டீயில் சர்க்கரையை விட்டார். "அவரு எதிர்ல நான் மட்டும் எப்டி சார் குடிக்கிறது?"

அதிலிருந்து எண் சரிய ஆரம்பித்தது. 220, 180, 140 என்று இறங்கி ஓடியது. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணச் சொன்னேன்.

"போன்ல சொன்னா அந்தம்மா மூஞ்சில சந்தோசத்த பாக்க முடியாதே சார். ஞாயித்துக்கெழம நேர்ல போறோம், காட்றோம்."

சனிக்கிழமை மத்தியானம் நான் அறைக்குள் நுழைந்தபோது, மேனேஜர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கீழே விழுந்து கிடந்தார். எழுந்து நிற்கப் பார்த்து, பின்னங்கால் மடங்கி மறுபடி சாய்ந்தார். பாய் அன்று கண்ணை மூடாமல் காதைக் குத்தினார். மிஷினில் எண்ணே வரவில்லை, 'லோ' என்று வந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. தேனோ சர்க்கரைத் தண்ணியோ ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க. தடவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க."

ஒரு பொட்டுச் சர்க்கரை அந்த அறையில் கிடையாது. நான் வீட்டுக்கு ஓடினேன். பாய்க்குத் தெருவோடு பேச ஒரே வழிதான் தெரியும். படத்தை நிறுத்தினார். எங்கள் வீட்டு டி.வி.யில் நீலத் திரை வந்திருந்தது, அதன் நடுவில் பெரிய எழுத்தில்: 'மேனேஜர் மயக்கம். சர்க்கரை தேவை. அவசரம்.' என் மனைவி ஏற்கெனவே டப்பாவோடு வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஒரு தெருவில் இவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். டப்பாவில், டம்ளரில், முந்தானையில் கொண்டுவந்தார்கள். ஒருவர் தேன் பாட்டிலோடு வந்தார். ஒரு அம்மாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாயசத்தையே தூக்கி வந்துவிட்டார். பேக்கரிக்காரர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு சர்க்கரைப் பாகோடு வந்தார். பாய் விரலில் தேனைத் தொட்டு மேனேஜரின் ஈறில் தடவினார். மறுபடி தடவினார். அந்தப் பூனை செத்துப்போனால் இந்த மனுஷனும் பாதி செத்துப்போவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேனேஜரின் நாக்கு மெல்ல வெளியே வந்து விரலை நக்கியது.

அப்போதுதான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மிலிட்டரி சார் வந்தார். பனியன், செருப்பில்லாத கால், கையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பாக்கெட். கோபத்தில் மீசை துடித்தது.

"ஒயரைப் புடுங்கிட்ட, சரி. அது உன் இஷ்டம். பூனைக்கு முடியலன்னா எனக்கு எப்படிய்யா தெரியும்? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு என்னை மட்டும் விட்டுட்டியே!"

மிலிட்டரி சார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேனேஜரைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு, "ஆட்டோ எங்கய்யா?" என்று நடந்தார். கிழக்குத் தாம்பரம் வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா டிரிப் ஏற்றினார். அன்றே போன் பண்ணாததற்காகப் பாயைத் திட்டவும் திட்டினார். கடைசியில், "சாப்பாட்டைச் சரியா பாத்திருக்கீங்க, அதனாலதான் மருந்து அதிகமாப் போச்சு. இப்படியே போனா ஊசியே தேவைப்படாது" என்றார். அப்படியே நடந்தது. மேனேஜர் பிறகு வெறும் மீனிலேயே பல வருஷம் நிர்வாகம் செய்தார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. பாய் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராக மிலிட்டரி சார் வீட்டுக்குப் போனார். "சார், கொஞ்சம் புடிச்சிக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினார். மத்தியானமெல்லாம் அடக்கி வைத்திருந்தது மேலே போனதும் உடைந்துவிட்டது. ஒயரை முறுக்கிக்கொண்டே, குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார். கூடத்தில் டி.வி.க்கு முன்னால் நின்றிருந்த மிலிட்டரி சார், அது தன் காதிலேயே விழாத மாதிரி, "படம் வருது பாய்! நல்லா வருது! சூப்பரா வருது!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். படம் இன்னும் வரவே இல்லை.