துணி மெஷினுக்குப் பின்னால் ஒரு எழுத்தாளன்

என் கதைகளில் வரும் பெண்கள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அதற்குமேல் அவர்களுக்கு வேலை கிடையாது. இந்தத் தடவை அப்படி விடுவதில்லை என்று சபதம் போட்டேன். முழுக் கதையையும் ஒரு பெண்ணே, 'நான்' என்று சொல்லப் போகிறாள்!

முதல் பக்கத்தை மனைவியிடம் நீட்டினேன்.

"இது நாயகி இல்லீங்க. 'நான்' ஆகி. மீசையை எடுத்துட்டு நீங்களே நடந்து வர்றீங்க."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளிடமே போய் யோசனை கேட்பதா? எழுத்தாளனுக்குக் கௌரவம் என்று ஒன்று இல்லையா? பெண் மனதை அவளுக்கே தெரியாமல் அள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா பேச வந்ததும், சமையலறை ஓரத்துத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"அக்கா, பொம்பளை மனசு எப்போ உருகும் சொல்லுங்க?" என்றாள் மனைவி.

"நீயே சொல்லு."

"புருஷன் கேக்காமலே துணி காயப்போடும்போது."

"எனக்குப் பாத்திரம் தேய்ச்சா போதும். கண்ணுல தண்ணியே வந்துடும்!"

புதையல்! அனுபவித்துத்தானே எழுத வேண்டும்? துவைத்தேன். உலர்த்தினேன். தேய்த்தேன். அக்கா தினமும் வந்தாள். பெண் மனதின் ஆழம் ஜன்னல் கண்ணாடி, மின்விசிறி என்று போய்க்கொண்டே இருந்தது. ஒட்டடை அடிக்கும் கட்டத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது.

"ஏம்மா, நான் ஒளிஞ்சிருந்தது உனக்குத் தெரியுமா?"

"தொப்பை வெளியில தெரிஞ்சுதுங்க."

"அப்போ நிஜமா பொம்பளை மனசுல என்னதான் இருக்கு?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. உக்காருங்க."

சொன்னாள். வேலை முடிந்து வந்ததும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாளாம். ஆபீஸில் மேனேஜர். உள்ளே நுழைந்தால் மனைவி. அந்தப் படியில் மட்டும் அவள் அவளாம். நான் குறுக்கே பேசவில்லை. எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அது முதல் தடவை.

நடந்தது அத்தனையையும் நாயகி வாயாலேயே சொல்லவைத்தேன். மனைவி படித்துப் படித்துத் திருத்தினாள். பத்திரிகைக்கு அனுப்பினோம். ஆசிரியர் அம்மாள் ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், உங்க நாயகி உயிரோட எழுந்து நிக்கறா. கண்டிப்பா போடறோம்! ஒரே ஒரு குறை. மெஷினுக்குப் பின்னாடி ஒளியறாரே, அந்தப் புருஷன். இப்படியும் ஒரு ஏமாளி இருப்பானா? நம்ப முடியலையே."

மனைவி ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு மேடம்."