வஞ்சிரம் போன கப்பல்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

இதழாசிரியர் ரகுபதி அவர்களுக்கு ஆஃபியா எழுதுவது. தாங்களும் தங்கள் பிழைதிருத்துநரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

ஒரு பாட்டு எந்த ஊரில் பிறந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருபது வருடமாகக் கல்லூரியில் இலக்கிய வரலாறு நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. ஆகவே வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் என் கட்டுரையை நிறுத்திவிடுங்கள். அடுத்த மாதப் பதவி உயர்வு நேர்காணலுக்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று தெரிந்தே சொல்கிறேன்.

போன வருடம் காசிமேட்டில் மீன் விற்கும் கெங்கம்மா, “வஞ்சிரம் போவுது கப்பல்ல, வாலுதான் என் கூடையில” என்று பாடினார், ஃபோனில் பதிவு செய்துகொண்டு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன், “எங்க மாமியா” என்றார், அந்த மாமியாருக்கு அவர் மாமியார் என்று நானே நூற்றைம்பது வருடம் பின்னால் போய்விட்டேன், அந்த நேரம் பார்த்துப் பினாங்கிலிருந்து பேராசிரியர் கலீலுல்லா இதே பாட்டை அங்கே மீன் சந்தையில் கேட்டதாக எழுதினார், போதாதா, கூலிக்கப்பலில் பாட்டு கடல் கடந்ததென்று பன்னிரண்டு பக்கம், அம்புக்குறி போட்ட உலக வரைபடம் வேறு. நேற்று கலீலுல்லா ஒரு வாட்ஸ்அப் பதிவை அனுப்பினார். பினாங்கு மீன்காரம்மா பாட்டைக் கற்றதே அதிலிருந்துதானாம். கேட்டேன். கெங்கம்மா குரல். பாட்டு முடிந்ததும் ஒரு பெண், வகுப்பெடுக்கும் தொனியில், “இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்கிறாள். நான்தான். கெங்கம்மா ஆசைப்பட்டுக் கேட்டாரே என்று பதிவை அவருக்கு அனுப்பியிருந்தேன், அவர் கடல் தாண்டிய சொந்தக்காரர்கள் வரை அனுப்பியிருக்கிறார். பாட்டைக் கப்பலேற்றியதும் நான், அது திரும்பி வந்ததும் ஆதாரம் என்று கட்டிக்கொண்டதும் நான்.

அச்சேறும் முன் தெரிந்ததே. பல மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன். தங்கள் வீட்டாருக்கு என் சலாம்.

ஆஃபியா

பி.கு.: புதன்கிழமை. இதை ஆள் மூலம் கொடுத்தனுப்பும் முன் காசிமேடு போய், பினாங்கு விஷயத்தையும் கட்டுரை வராது என்பதையும் கெங்கம்மாவிடம் சொன்னேன்.

“ஏன், பாட்டு நல்லா இல்லியா?”

“எவ்வளவு பழசுன்னே தெரியலையேக்கா.”

“இன்னா பயசு? நான் கட்டினது. எக்ஸ்போர்ட்டுக்காரன் ஏலத்துல வஞ்சிரத்த மொத்தமா அள்ளிகினு போனானே, அன்னிக்கு.”

“மாமியார்னு சொன்னீங்களே?”

“யார் சொல்லிக்குடுத்தான்னுதானே கேட்ட டீச்சரம்மா. நீ கட்டினியான்னு கேட்டியா? சொல்லிக்குடுத்த ஆளு இல்லன்னா நீ எய்திக்காம போயிடுவேன்னு மாமியா தலையில வச்சேன். மாமியாவுக்கு ராகமே வராது.”

ஆகவே கட்டுரையை நிறுத்த வேண்டாம். பன்னிரண்டு பக்கத்தையும் வரைபடத்தையும் எடுத்துவிடுங்கள். நாளைக்குள் இரண்டு பக்கம் தருகிறேன். பாட்டின் கீழே, “இயற்றியவர்: கெங்கம்மா, காசிமேடு” என்று இருக்கட்டும்.

நான் எழுந்தபோது கெங்கம்மா மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டே புதிதாக ஒன்று பாடினார்: “பாட்டு போவுது பினாங்குக்கு, பேரு மட்டும் மாமியாளுக்கு.”

யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.